சுண்ணாம்பு யார்டில் தாங்கும் கேமரா

நிசார் அஹமதுவின் மேசை மேல் செத்த கேமராக்கள் வரிசையாகக் கிடந்தன. அவரே கழற்றச் சொல்லி, அவரே அடுக்கி வைத்திருந்தார். விற்ற ஜெபகனி வந்து பார்க்கட்டும் என்று.

"இன்னாம்மா இது? மாட்டி ரெண்டு மாசம்கூட ஆவல. கல்யாண மாலை இதவிட ஜாஸ்தி நாள் தாங்கும்."

ஜெபகனிக்குக் காது மடல் சுட்டது. இது முதல் தடவையா என்ன? முதலில் மாட்டியவை செத்தன, மாற்றினாள். மாற்றியவையும் செத்தன. இப்போது கிடப்பவை மூன்றாம் கூட்டம்.

"மாத்திக் குடுத்துடறேன் பாய்."

"மாத்திக் குடுத்து மாத்திக் குடுத்து இன்னா பண்றது? நான் கேமரா வாங்குனேனா, கேமராவுக்கு கல்லறை கட்ட எடம் குடுத்தேனா?" என்று மேசையைத் தட்டினார் நிசார். "சொல்றத கேட்டுக்கோ. பக்ரீத்துக்கு லாரி லாரியா தோல் வந்து எறங்கும். போன வருஷம் எத்தன வந்துச்சு, எத்தன போச்சுன்னு கணக்கே தெரியாம பேஜாராப் போச்சு. இந்த வாட்டி எல்லா கேமராவும் முழிச்சிருக்கணும். இல்லனா மெட்ராஸ்ல ஒரு பெரிய கம்பெனி இருக்கு, அவன கூப்ட்டுக்கறேன். அப்புறம் இந்த ஊர்ல எவனும் உன் கடைல ஒரு மவுஸ்கூட வாங்க மாட்டான். கோச்சிக்காத, உள்ளத சொல்றேன்."

அவர் மிரட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். ஆம்பூரில் நிசார் மாதிரி தோல் பதனிடும் ஷாப் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான், சம்பந்தி. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு கடையின் பெயர் ஏறியும் விடும், நாறியும் விடும். ஜெபகனியின் 'ஷாலோம் கம்ப்யூட்டர்ஸ்' கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கூட்டம்தான்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. ஒயர் இல்லாமலே கம்ப்யூட்டருக்குப் படம் அனுப்பும் வைஃபை கேமரா அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. தோல் ஷாப்புக்கு அது வரப்பிரசாதம் என்று ஜெபகனி நினைத்தாள். உப்பும் ஈரமும் ஒயரைத் தின்றுவிடும். மிச்சம் வைத்ததைத் தள்ளுவண்டி அறுத்துவிடும். ஒயரே இல்லை என்றால் தொல்லையே இல்லையே! நம்பித்தான் விற்றாள். வரப்பிரசாதம் இப்படிப் பல்லிளித்துக்கொண்டு மேசை மேல் கிடக்கும் என்று யார் கண்டார்கள்?

கணவன் ஐசக்குக்கு வேலூரில் ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்ஷனில் வேலை. நல்ல மனுஷன். ஆனால் கடையில் சின்னச் சறுக்கல் வந்தாலும் ஒரே பாட்டைப் பாடுவான்.

"எங்க செக்ஷன்ல ஒரு வேகன்ஸி இருக்கு கனி. மாசம் பொறந்தா சம்பளம். ஏணியும் ஏற வேணாம், எவன்கிட்டயும் பேச்சும் வாங்க வேணாம்."

"இன்னொரு வாட்டி வேகன்ஸின்னு சொன்னீங்கன்னா காலைல உங்க தட்டுதான் வேகன்ட்டா இருக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தக் கடை அவள் கைப்பட வளர்த்த கடை. ஊரில் ஒரு பொம்பளை கம்ப்யூட்டர் கடை வைத்தாள் என்று சிரித்தவர்களே இன்று பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதை மூடிவிட்டு வேலூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் ஃபைல் அடுக்குவதா? மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

அவளுக்குக் கேமரா அனுப்பிக்கொண்டிருந்த சென்னைக்காரருக்குப் போன் போட்டாள். தேன் ஒழுகும் குரல் அவருக்கு. முதல் தடவை, "வோல்டேஜ் ப்ராப்ளம் மேடம், ஸ்டெபிலைசர் போடுங்க" என்றார். போட்டாள். அடுத்த தடவை, "ஈரம் மேடம், கவர் போடுங்க" என்றார். அதையும் போட்டாள். இந்தத் தடவை, "உங்க ஆளுங்க தண்ணி அடிச்சிருப்பாங்க. பரவால்ல மேடம், நம்ம பழக்கத்துக்கு மாத்தித் தர்றேன்" என்றார்.

"எதனால போச்சுன்னு பாத்தீங்களா சார்?"

"அத எதுக்கு பாக்கணும்? அதான் புதுசு தர்றேனே."

இத்தனை நாளாக, கேட்டவுடன் மாற்றித் தருகிறாரே, எவ்வளவு நல்ல மனுஷர் என்று உச்சி குளிர்ந்து கிடந்தாள் ஜெபகனி. செத்ததை வாங்கிக்கொண்டு சாகப்போவதைத் தருகிறவன் எந்த ஊர் நல்லவன்? போனை வைத்தாள். அவர் நம்பரை அழித்தும் விட்டாள்.

மறுநாள் காலை ரயிலில் சென்னை போனாள். எலக்ட்ரானிக் சாமான் விற்கும் சந்துகளில் கடை கடையாக ஏறி இறங்கினாள். எல்லாக் கடையிலும் ஒரு வருஷ வாரண்ட்டி என்று அடித்துச் சொன்னார்கள். "பெட்டியத் தொறந்து உள்ள காட்டுங்க" என்றால் மட்டும் முகம் சுருங்கியது. சீல் உடைந்தால் வாரண்ட்டி போய்விடுமாம். ஒரு கடைக்காரர், "லேடீஸ் நீங்க உள்ள பாத்து இன்னா பண்ணப் போறீங்க, படம் எப்படி தெரியுது பாருங்க" என்றார். படத்தைப் பார்த்தாள். பெட்டியையும் பார்த்தாள். இரண்டு கடை முன்னால் வேறு பெயரில் பார்த்த அதே பெட்டி, அதே மூலையில் அதே பிசிறு. பெயர் ஸ்டிக்கர் மட்டும் மாறியிருந்தது. அட பாவிகளா!

கால் வீங்கிப்போய், கடைசியாக ஒரு குறுகலான மாடிப்படி ஏறினாள். ஷாஜின் என்று ஒரு மார்த்தாண்டத்துக்காரன் அங்கே கேமரா மட்டும் விற்றுக்கொண்டிருந்தான். அவள் வாய் திறப்பதற்குள் அவன் கேட்டான்.

"எங்க மாட்டப் போறீங்கக்கா?"

"ஆம்பூர்ல, தோல் ஷாப்ல."

"அப்ப தர மாட்டேன்."

"இன்னாது?"

"அங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாத எடத்துக்குத் தந்துட்டு நாளைக்கு உங்ககிட்ட பேச்சு வாங்கணும். நான் வந்து பாக்கறேன். பாத்துட்டுத் தரலாமா வேணாமான்னு சொல்றேன்."

காலையிலிருந்து அத்தனை கடை ஏறியதில் விற்க மாட்டேன் என்று சொன்னவன் அவன் ஒருவன்தான். ஜெபகனிக்கு எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சொன்ன நாளில் வந்து சேர்ந்தான் ஷாஜின். பஸ்ஸை விட்டு இறங்கினதும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான்.

"என்ன நாத்தம்க்கா இது?"

"எது?"

"எதுவா? இவ்வளவு அடிக்குது, தெரியலியா?"

ஜெபகனி நன்றாக இழுத்து மோந்து பார்த்தாள். டீக்கடைப் பால் கொதிக்கிற வாசனை வந்தது. வேறொன்றும் இல்லை. "யாராச்சும் பிரியாணி தம் போட்டிருப்பாங்க" என்றாள்.

"பிரியாணி எனக்குத் தெரியும்க்கா. இது கெட்டுப்போன முட்டை."

எங்கள் ஊரைப் பார்த்து என்ன பேச்சுப் பேசுகிறான் என்று சுருக்கென்று கோபம் வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டு தோல் ஷாப்புக்குக் கூட்டிப்போனாள். தோலில் முடி கழன்று வருவதற்காகச் சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு ஊறவைக்கும் யார்டு உள்ளே இருந்தது. வாசலைத் தாண்டியதும் ஷாஜினுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தான். வேலையாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் வாயைக் கொப்பளித்தான், முகத்தைத் துடைத்தான், திரும்பவும் உள்ளே போனான். சுற்றிச் சுற்றி நின்று பார்த்தான். அந்த இடத்தில்தான் ஜெபகனிக்கு அவன் மேல் மரியாதை பிறந்தது. பொருள் விற்கிறவன் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

வெளியே வந்ததும், "எனக்கு கெமிஸ்ட்ரி தெரியாதுக்கா. ஆனா என்னையே இந்தப் பாடு படுத்துற காத்து கேமராவ சும்மா விடுமா?" என்றான்.

கடைக்குப் போய்ச் செத்த கேமரா ஒன்றைத் திருகித் திறந்தார்கள். உள்ளே பச்சைப் பலகையில் செம்பும் வெள்ளியுமாக மின்ன வேண்டிய புள்ளிகள் எல்லாம் கன்னங்கறேல் என்று கிடந்தன. பார்த்த உடனே ஜெபகனிக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கறுப்பு அவளுக்குப் புதுசா என்ன? காலில் போட்டிருக்கும் கொலுசு மாதம் தவறாமல் அப்படித்தான் கறுக்கிறது. பல்பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை அழிந்ததுதான் மிச்சம். வேலூரில் இருக்கும் நாத்தனார் கொலுசு பளபளவென்று இருப்பதைப் பார்த்து, நமக்குப் போட்ட வெள்ளி மட்டம் என்று தாய்வீட்டைக்கூடத் திட்டியிருக்கிறாள்.

"ஐயோ, என் மரமண்டையே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கொலுசைக் கறுக்கவைக்கிற அதே காற்றுதான் கேமராவையும் கொன்றிருக்கிறது. பிறந்ததிலிருந்து இந்தக் காற்றையே மூச்சு விட்டு மூக்கு செத்துப்போய்விட்டது. வாசனை தெரியாதவளுக்குக் காற்று எப்படித் தெரியும்? ஊரில் இருக்கும் ஒருத்தருக்கும் தோன்றாத விஷயம் அது. நிசாருக்கும் தோன்றவில்லை, யார்டிலேயே கிடப்பவர்களுக்கும் தோன்றவில்லை. எல்லாரும் வோல்டேஜைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் ஷாஜின் மூன்று கம்பெனிக் கேமராக்களைக் கொண்டுவந்தான். யார்டில் சல்பைடு டிரம்முக்கு நேர் மேலே ஒரு கழி கட்டி மூன்றையும் தொங்கவிட்டார்கள். பக்கத்தில் ஜெபகனி தன் கொலுசு ஒன்றைத் தேய்த்துப் பளபளவென்று மாட்டினாள். அது கறுத்தால் காற்று தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

"கேமராவுக்கு கொலுசு போட்டு அழகு பாக்குறாங்கடா" என்று யார்டில் ஒரே கிண்டல். எது முதலில் சாகும் என்று டீக்குப் பந்தயம்கூடக் கட்டினார்கள். இரும்பு உடம்போடு, பார்க்க வாட்டசாட்டமாக, படமும் அமோகமாகத் தெரிந்த ஒன்றை நிசாருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதுதான் முதலில் மண்டையைப் போட்டது. கொலுசு கரியாகிவிட்டது. இரண்டாவதும் போனது. மூன்றாவது மட்டும் எனக்கென்ன என்று படம் அனுப்பிக்கொண்டே இருந்தது. திறந்து பார்த்தால், பலகை முழுக்க வார்னிஷ் அடித்த மாதிரி மெல்லிய பூச்சு. காற்று தொட முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

"இதையே எல்லா எடத்துக்கும் போடு" என்றார் நிசார். ஜெபகனி ஷாஜினிடம் ஆர்டர் கொடுத்தாள்.

சரக்கு வந்தபோது பக்ரீத் நெருங்கிவிட்டிருந்தது. ஜெபகனி பெட்டியின் மேலே இருந்ததைத் தொடவில்லை. தோல் ஊர்க்காரி அவள். கட்டின் மேலே வைக்கும் தோல் எப்போதும் லட்சணமாகத்தான் இருக்கும், உண்மை தெரிய வேண்டுமானால் நடுவிலிருந்து உருவ வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அடி வரிசையிலிருந்து ஒன்றை உருவித் திருகினாள்.

பூச்சு இல்லை. பலகை மொட்டையாக இருந்தது.

இன்னொன்று, இன்னொன்று என்று திறந்தாள். மேல் வரிசைக்கு மட்டும் பூச்சு, கீழே அத்தனையும் மொட்டை. உடனே ஷாஜினுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"நான் திறந்து பாத்துட்டுத்தான்க்கா அனுப்பினேன். மேல இருந்தத திறந்தேன்" என்றான். "என் தப்பு. மொத்தத்தையும் கம்பெனிக்குத் திருப்பறேன். ஆனா புதுசு வர பக்ரீத் தாண்டிடும்."

தப்பை வோல்டேஜ் மேல் போடாமல் தன் மேல் போட்டுக்கொண்டான். அதற்காகக் கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். ஆனால் பக்ரீத் யாருக்காகவாவது காத்திருக்குமா?

விஷயம் தெரிந்ததும் ஐசக் சொன்னான். "மாட்டிடு கனி. ரெண்டு மாசம் தாங்கும்ல? பக்ரீத் நல்லபடியா முடியட்டும். அப்புறம் ஒண்ணொண்ணா மாத்திக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் உடனே கோபப்படவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த யோசனை இனிக்கத்தான் செய்தது. இரண்டு மாசம் போதும், கடை தப்பித்துவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சாகும்போது நிசாரிடம் என்ன சொல்வது? வோல்டேஜ் பாய், ஈரம் பாய், உங்க ஆளுங்க தண்ணி அடிச்சிருப்பாங்க பாய். அந்தச் சென்னைக்காரரின் தேன் ஒழுகும் குரல் தன் தொண்டையிலிருந்தே வருவது போல இருந்தது. சீ என்றாகிவிட்டது.

"தெரியாதுன்றதுக்காக தலைல கட்டணுமா? அந்த மெட்ராஸ்காரன் பொழப்பு எனக்கு வேணாங்க" என்றாள்.

பூச்சு இல்லை, அதுதானே குறை? பூச்சு அடித்தால்? இந்த ஊரில் பூச்சுக்கா பஞ்சம்! ஃபினிஷிங் செக்ஷனில் தோலுக்குக் கடைசிக் கையாக லாக்கர் என்று பளபளப்புப் பூச்சு அடிக்கிறார்களே, தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடும். தோலுக்குத் தாங்குவது பலகைக்குத் தாங்காதா? ஜெபகனி செருப்பை மாட்டிக்கொண்டு நேராக நிசாரிடம் போனாள். ஒரு மொட்டைப் பலகையையும் பூச்சுப் பலகையையும் அவர் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"பாய், சரக்கு சரியில்ல. மேல நல்லது, கீழ மட்டம். அப்படியே மாட்டுனா பக்ரீத் தாண்டும், பொங்கல் தாண்டி செத்துடும். நான் அப்படியே மாட்ட மாட்டேன். உங்க ஸ்பிரே செக்ஷன ஒரு அரைநாள் குடுங்க. நானே லாக்கர் அடிச்சு சரி பண்றேன்."

நிசார் எழுந்தேவிட்டார். "பக்ரீத்த வெச்சிகினு வந்து சரக்கு மட்டம்ன்றியா? இன்னா தைரியம்மா உனக்கு! கம்பெனிக்காரன் அடிக்காத பூச்ச நீ அடிப்ப. நாளைக்குப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? கம்பெனியா?"

"தொறந்தா கம்பெனி வாரண்ட்டி போய்டும் பாய். நான் பதில் சொல்றேன். ஒரு வருஷத்துக்கு எது போனாலும் என் கைக்காசு. எழுதியே தர்றேன்."

"போனா கடைய மூடிட வேண்டியதுதான்."

"தெரியும் பாய்."

அவர் அவளை முறைத்தார். பலகையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"நாப்பது வருஷமா தோல் வாங்குறேன். ஓட்டைய உள்ள மடிச்சு வெச்சுத்தான் எவனும் கட்டு கட்டுவான். நீ இன்னாடான்னா நீயே ஓட்டைய விரிச்சுக் காட்டுற" என்றார். கோபம் போகவில்லை, ஆனால் குரல் இறங்கியிருந்தது. "வெள்ளிக்கிழம மத்தியானம் தொழுகைக்கு செக்ஷன் லீவு. ஸ்பிரே அடிக்கிற முஸம்மில இருக்கச் சொல்றேன். மொதல்ல ஒண்ணு அடிச்சு டிரம் மேல தொங்கவிடு. பொழைச்சா மிச்சத்த அடி."

ஒன்றுக்கு ஜெபகனியே பிரஷ்ஷால் அடித்தாள். மொட்டையாக ஒன்றும், லாக்கர் அடித்த ஒன்றும் டிரம்மை ஒட்டியே தொங்கின. அந்த வாரம் முழுக்கத் தினமும் போய்ப் பார்த்தாள். மொட்டை தடுமாறித் தடுமாறிச் செத்தது. லாக்கர் அடித்தது அசையவே இல்லை. திறந்து பார்த்தாள், புள்ளிகள் புதுசாக மின்னின. "கர்த்தாவே, ஸ்தோத்திரம்!" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஷாஜின் முதல் வண்டியிலேயே வந்து இறங்கி, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கேமராக்களைத் திறந்து திறந்து வைத்தான். ஜெபகனி லென்ஸிலும் கரண்ட் ஒயர் சொருகும் துளைகளிலும் லாக்கர் படாமல் டேப் ஒட்டினாள். தொழுகை முடிந்து வந்த முஸம்மில் ஸ்பிரே துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு பலகையைப் பார்த்து முழித்தான்.

"அக்கா, நான் மாட்டுத்தோல், ஆட்டுத்தோல் தவிர எதுக்கும் அடிச்சதில்ல. ஜாஸ்தி அடிக்கவா, கம்மியா அடிக்கவா?"

"கைப்பை தோலுக்கு அடிக்கிற மாதிரி மெல்லிசா அடிப்பா. காயவெச்சு திரும்ப ஒரு கை."

அப்படியே அடித்தான். இருட்டுவதற்குள் முடிந்தது.

பக்ரீத் வந்தது. மத்தியானத்திலிருந்தே தோல் வண்டிகள் வாசலில் வரிசை கட்டின. ஜெபகனியும், லீவு போட்டு வந்த ஐசக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். யார்டு, கேட், கோடவுன் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. நிசார் புது வெள்ளை ஜிப்பாவோடு அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம், கூட்டம் உச்சத்தில் இருந்தபோது, கோடவுன் கட்டம் சட்டென்று இருண்டது.

நிசார் ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே ஓடினாள் ஜெபகனி. கால் வழுக்க வழுக்க உப்புத் தரையைத் தாண்டிக் கோடவுனுக்குள் போனாள். நிசாரும் பின்னாலேயே வந்தார். அவள் ஏணியைச் சாத்தி மேலே ஏறினாள்.

கேமராவின் சின்ன விளக்கு பச்சையாக எரிந்துகொண்டுதான் இருந்தது. உப்புப் போட்ட தோலைக் கூரை உயரத்துக்கு அடுக்கிவிட்டிருந்தார்கள். மேலே கிடந்த ஒரு ஈரத் தோல் லென்ஸ் மேல் அப்படியே கவிழ்ந்து கிடந்தது.

"இன்னாச்சு?" என்று கீழேயிருந்து கத்தினார் நிசார்.

"கேமராவுக்கு ஒண்ணும் இல்ல பாய்!" என்று மேலேயிருந்து கத்தினாள். "உங்க தோலு மறைக்குது. இந்த அடுக்க நகத்துங்க."

"இந்நேரத்துல அடுக்க எப்படிம்மா கலைக்கிறது?"

"நகத்துங்கன்னா நகத்துங்க. கண்ணு முழிச்சிருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? இங்க தோல் அடுக்கக்கூடாது. இன்னிக்கு மட்டும் இல்ல, எப்பவும்."

நிசார் அவளை அண்ணாந்து பார்த்தார். அந்தத் தோல் ஷாப்பில் அவரை யாரும் அப்படி அதட்டியதில்லை. "கேட்டுச்சு இல்ல? வாங்கடா" என்று ஆட்களைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுச் சும்மா நிற்கவில்லை, புது ஜிப்பாவின் கையை மடித்துவிட்டு முதல் தோலைத் தானே பிடித்து இழுத்தார். உப்பும் தண்ணீரும் மார்பெல்லாம் வழிந்தது.

ஆபீஸ் பக்கமிருந்து ஐசக் கத்துவது கேட்டது. "தெரியுது கனி! எல்லாம் தெரியுது!"

ஜெபகனி ஏணி உச்சியிலேயே உட்கார்ந்து அழுதாள். கீழே நிசார் அடுத்த தோலை இழுத்தார்.